மேய்க்காலில் தூங்க வந்தவர்கள்

ஆவரந்திடல் ஊரின் பொது மேய்ச்சல் நிலமான மேய்க்காலில் அதிகாரிகள் மஞ்சள் சாயம் பூசிய கற்களை வரிசையாக நட்டுவிட்டுப் போன மறுநாள் காலையில், ஓசூரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போன லாரி ஒன்று நான்குவழிச் சாலையை விட்டு மெல்ல இறங்கி, மேய்க்காலுக்குள் வந்து உடைமரத்தடியில் நின்றது. டிரைவர் இறங்கினார், செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் படுத்துத் தூங்கிப்போனார். அவருக்குப் பின்னால் சிமென்ட் லாரி ஒன்று வந்தது, அதற்குப் பின்னால் மாருதி காரில் ஒரு குடும்பம் வந்தது, அதற்குப் பின்னால் பெங்களூர் ஆம்னி பஸ் வந்து நாற்பத்திரண்டு பேரை இறக்கிவிட, அவர்களும் பையைத் தலைக்கு வைத்து வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். பொழுது சாயும்போது பதினேழு வண்டிகள் நின்றன. ஆடு ஓட்டி வந்தவர்கள் படுத்துக் கிடந்தவர்களைச் சுற்றிக்கொண்டு ஆட்டை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள்.

அந்த இருபத்திரண்டு ஏக்கர் மேய்க்கால்தான் ஊருக்குச் சோறு போட்டது. நிலம் என்று சொல்லிக்கொள்ள அங்கே நாலைந்து பேருக்குத்தான் உண்டு, மற்றவர்களுக்கெல்லாம் ஆடுதான். அதில் பயணிகள் ஓய்வு வளாகம் கட்டப்போவதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். பெட்ரோல் பங்க், ஏசி ஓட்டல், டிரைவர்கள் படுக்கக் கட்டில் போட்ட கூடம், முந்நூறு வண்டிகள் நிற்கத் தளம். கோழிக்கறிக்குப் பெயர்போன கடை ஒன்றும் வருகிறது என்று டீக்கடையில் சொன்னார்கள். ஆடு மேய்க்கிற ஊரில் கோழி விற்க வருகிறார்களாம் என்று கிழவர் வெள்ளைக்கண்ணு சொல்லி, அந்த வாரம் முழுக்க அதையே சொல்லிச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் பஞ்சாயத்துத் தலைவி பாண்டிச்செல்வி கலெக்டருக்கு மனு எழுதினாள். எங்கள் எல்லையில் எந்த வண்டியும் நிற்பதில்லை, யாரும் இங்கே இறங்க விரும்புவதுமில்லை, ஆகையால் வளாகம் வீண் செலவு என்று அதில் இருந்தது. ஊரே கையெழுத்துப் போட்டது. போட்ட மை காய்வதற்குள் இப்படி.

வேறு ஊராக இருந்தால், கம்பை எடுத்து விரட்டியிருப்பார்கள். ஆவரந்திடல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிடை போடுகிறவர்கள். எருவுக்காக அடுத்தவர் தரிசில் ஆட்டு மந்தையைக் கொண்டுபோய் அமர்த்தி, சுற்றிலும் முள்ளும் குச்சியும் பின்னிய படல் கட்டி, காவலிருந்து, விடிந்து பனி உலர்ந்தபிறகு ஓட்டிக்கொண்டு வருவதே அவர்கள் பிழைப்பு. அமர்ந்த கிடையைக் கலைக்கக் கூடாது என்பதில் மட்டும் அவர்களுக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. மழை வந்தாலும் சரி, நரி வந்தாலும் சரி, நரியைத்தான் விரட்டுவார்களே தவிர ஆட்டை எழுப்ப மாட்டார்கள். பாதித் தூக்கத்தில் கலைத்த தாயாடு தன் குட்டியையே மோந்து பார்த்துவிட்டு, யார் பெற்ற குட்டியோ என்று முட்டித் தள்ளிவிடும் என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். படுத்திருப்பது ஆடா ஆளா என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், படுத்தது படுத்ததுதான் என்று முடிவாயிற்று.

ஆகவே முதல் நாளே வெள்ளைக்கண்ணு வீட்டிலிருந்து படல்களைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுற்றிக் கட்டினார். பெண்கள் சாக்கும் பாயும் கொண்டுபோய், தலைக்கடியில் கல் கிடந்தவர்களுக்கு அலுங்காமல் செருகினார்கள். நாட்கள் போகப் போக ஊர் அதற்கேற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. சேவல்களைப் பகலிலும் பஞ்சாரத்தில் கவிழ்த்துப் போட்டார்கள், கோவில் குழாய்ஸ்பீக்கரை மேற்கே திருப்பிக் கட்டினார்கள், பள்ளிக்கூடத்து மணியை அடிக்காமல் வாத்தியாரே வகுப்பு வகுப்பாகப் போய்க் கையைக் காட்டினார், சித்திரையில் ஒரு பெரிய சாவு விழுந்தபோது கொட்டுமுழக்கு இல்லாமல் பேரன்மார்கள் பூப்போல நடந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தூக்கம் வந்தது நூறு மைலுக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்குத்தான். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு கொட்டாவியோடு கடந்து போனார்கள். ஆம்புலன்ஸுகள் நிற்கவே இல்லை. இதெல்லாம் ஏன் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஓடி ஓடி வந்தவன் படுக்கிறான், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றார்கள்.

கேட்க ஒன்றுமில்லை என்றாலும் பார்க்க இருந்தது. தூங்கித் தீர்த்தவர்கள் எழுந்த விதமே வேறு. சிலருக்கு இரண்டு மணி நேரம் போதும், சிலர் இரண்டு நாள் கிடந்தார்கள், ஆனால் தானாக விழித்தவர்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்து சற்று நேரம் தரையையே பார்ப்பார்கள். மறந்துபோன ஏதோ ஒன்று அவர்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். ராஜஸ்தானிலிருந்து சலவைக்கல் ஏற்றி வந்த ஒருவர் எழுந்ததும் தேம்பித் தேம்பி அழுதார்; பன்னிரண்டு வருடமாக எட்டிப் பார்க்காத அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று சைகையால் சொல்லி, கல்லை இறக்கக்கூடப் போகாமல் வண்டியை வடக்கே திருப்பினார். ஒரு கல்யாண வேனில் வந்த மாப்பிள்ளை எழுந்து, தான் கட்ட வேண்டியது வேறொரு பெண்ணை என்று சொல்ல, இரு வீட்டாரும் மேய்க்காலிலேயே சண்டை போட்டார்கள். மெதுவாகப் போடுங்கள், பக்கத்தில் ஆள் தூங்குகிறது என்று ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

பாதியில் எழுப்பப்பட்டவர் ஒரே ஒருவர்தான். ரோந்து வந்த போலீஸ்காரர் ஊர்ச் சங்கதி தெரியாமல், காரில் வந்து படுத்திருந்த ஒரு மில் முதலாளியை லத்தியால் தட்டி எழுப்பிவிட்டார். முதலாளி எழுந்தார், காரில் ஏறினார், தரையில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை யாரோ என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாளைப் பிறகு பஸ் ஏற்றி அனுப்பினார்கள். வீட்டில் கொண்டுபோய் விட்டும் அவருக்கு அவளைத் தெரியவில்லையாம், ஒரு மாதம் கழித்தும் தெரியவில்லையாம் என்று செய்தி வந்தது. கிடைக்காரர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை.

இத்தனை பேர் வந்து படுப்பதையும் எழுந்து போவதையும் ஒருநாள் தவறாமல் பார்த்தவள் பூமயில். நாற்பது ஆடு வைத்திருந்தாள், தனி ஆள். அவள் புருஷன் சேவுகன் லாரி டிரைவர்; ஒன்பது வருடத்துக்கு முன்னால் வடக்கே லோடு எடுத்துப் போனவன், நாகபுரியிலிருந்து போன் செய்து இங்கே மழை என்று சொன்னான், அதோடு சரி. செத்தான் என்றும் சேதி இல்லை. அங்கே ஒருத்தியோடு இருக்கிறான் என்று சொன்னவர்கள் உண்டு, அதைப் பூமயிலின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இல்லை. அவள் தேடிக் கிடந்தது அவன் பேச்சை அல்ல, காசை அல்ல. அவன் வீட்டில் இருந்த நாட்களில் ஒருநாள்கூட நிம்மதியாகத் தூங்கியதில்லை. கண்ணை மூடினால் எதிரே ஹெட்லைட் வருகிறது என்று எழுந்து உட்காருவான். அவள் அவன் கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, இப்போது வரவில்லையே, இப்போது வரவில்லையே என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஒன்பது வருடமாக அந்த உள்ளங்கைக்கு வேலை இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

காலையில் ஆட்டை அவிழ்த்துவிட்டதும் அவள் படலுக்குள் போவாள். படுத்திருப்பவர்கள் ஒவ்வொருவர் முகத்திலிருந்தும் துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பாள், திரும்ப மூடுவாள். தெலுங்கு முகம், இந்தி முகம், பஞ்சாபித் தாடி. எட்டு மாதத்தில் எத்தனை ஆயிரம் முகம் பார்த்திருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஊரில் யாரும் அவளை என்னவென்று கேட்கவில்லை. அவளுக்கு முடியாத நாட்களில் வெள்ளைக்கண்ணு போய்த் துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னைக்கி இல்லத்தா" என்று மட்டும் சொல்வார்.

இதற்குள் வளாகம் கட்டவிருந்த கம்பெனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. சாலையோரக் கம்பத்தில் காமிரா கட்டி வண்டிகளை எண்ணினார்கள். டை கட்டிய ஒரு தம்பி ஊருக்குள் வந்து விளக்கம் சொன்னான். டிரைவர் கூடத்தில் படுக்கிற ஒவ்வொருவர் பெயரும் லைசென்ஸ் நம்பரும் கம்ப்யூட்டரில் ஏறிவிடும், இந்தியாவில் எந்த டிரைவர் எங்கே படுத்தார் என்று ஒரு நொடியில் சொல்லிவிடலாம் என்றான். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். பூமயில் மட்டும் அவனைக் கண்கொட்டாமல் பார்த்தாள். அன்று சாயங்காலம் பாண்டிச்செல்வி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். பாண்டிச்செல்வி சேவுகனின் சித்தப்பா மகள்.

"செல்வி, நான் ஒன்னு சொன்னா வையக்கூடாது."

"சொல்லுங்க மதினி."

"அந்த வளாகம் வந்தாத் தேவலன்னு எனக்குத் தோணுது. வந்தா ஒருநா அவுக பேரு அதுல ஏறும்ல."

பாண்டிச்செல்வி வையவில்லை. "அப்ப ஆடு?" என்றாள்.

"அதேன் நானும் வாயத் திறக்காம இருக்கேன்" என்றாள் பூமயில்.

கார்த்திகையில் கலெக்டர் மனுவை விசாரணைக்கு எடுத்தார். வயதில் சின்னவர், கண்டிப்பான அம்மாள். நீங்கள் எழுதியது ஒரு வண்டியும் நிற்காது என்று, காமிரா சொல்வது ஒரு நாளைக்கு நானூற்றுப் பன்னிரண்டு வண்டி என்று, இதில் எது பொய் என்று கேட்டார். பாய் விரித்ததும் படல் கட்டியதும் படத்தில் தெளிவாக விழுந்திருந்தன. விருந்தாளியைப் போலக் கவனித்துக் கவனித்துத் தங்கள் மேய்க்காலைத் தாங்களே கம்பெனிக்கு அளந்து கொடுத்துவிட்டதை அப்போதுதான் அவர்கள் விளங்கிக்கொண்டார்கள்.

கலெக்டரம்மாவுக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "வர்ற வியாழக்கிழமை நானே வர்றேன். பத்து மணியிலிருந்து அஞ்சு மணி வரைக்கும் நிப்பேன். நீங்க எழுதினபடி ஒரு வண்டியும் இல்லைன்னா, கல்லைப் பிடுங்கி வேற இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்றேன். ஒன்னே ஒன்னு நின்னாலும் அப்புறம் மனுவைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வரக்கூடாது" என்றார்.

கிடையைக் கலைக்கத்தான் கூடாதே தவிர, அமர விடாமல் பார்த்துக்கொள்ளத் தடை இல்லை. புதன்கிழமை மதியத்திலிருந்து ஊரே இரண்டாகப் பிரிந்து வடக்கே ஒரு மைல், தெற்கே ஒரு மைல் போய்ச் சாலையின் இருபுறமும் நின்றுகொண்டு, தகரம் தட்டி, சங்கு ஊதி, வறட்டியில் காய்ந்த மிளகாயைப் போட்டுப் புகைத்து, வருகிற டிரைவர்களின் தூக்கத்தை விரட்டியது. வண்டிகள் தும்மிக்கொண்டே கடந்து போயின. ஏற்கெனவே படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக விழித்துக் கிளம்பினார்கள். வடக்கே தகரம் தட்டிவிட்டு வியாழன் காலை எட்டரைக்குப் பூமயில் மேய்க்காலுக்கு வந்தபோது, அவ்வளவு பெரிய வெளியில் ஒரே ஒரு லாரி நின்றது. மகாராஷ்டிரா நம்பர், வெங்காய லோடு. புதன் மதியம் தகரம் தட்ட ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

அவள் பழக்கத்தில் துண்டைத் தூக்கினாள். சேவுகன்.

முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. மீசை நரைத்திருந்தது. சட்டையின் இரண்டாவது பொத்தானை யாரோ பச்சை நூலால் தைத்திருந்தார்கள், அது ஆம்பளை போட்ட தையல் இல்லை. அதைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது, அதை மறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவன் தூங்கினான். வாயை லேசாகத் திறந்துகொண்டு, கையைக் காலை அகலப் போட்டுக்கொண்டு, எந்த வெளிச்சமும் எதிரே வராமல் தூங்கினான். அவன் அப்படித் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. அவள் தன் உள்ளங்கையை அவன் கண்ணுக்கு மேலே கொண்டுபோய், தொடாமல், வெயில் படாதபடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வெள்ளைக்கண்ணுதான் முதலில் வந்தார். பார்த்தார். போய் ஒரு படலைத் தூக்கிவந்து அவர்கள் இருவரையும் சுற்றி நட்டார். பின்னாலேயே பாண்டிச்செல்வி ஓடிவந்தாள், அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். லோடு ஏற்றிய லாரியைத் தள்ளிப் பார்க்கலாமா என்று ஒருவர் முணுமுணுத்தார். யானையைத் தள்ளுவது சுலபம் என்றார் இன்னொருவர். வண்டியை ஸ்டார்ட் செய்தாலும், ஆளைப் பாயோடு தூக்கினாலும் விழித்துக்கொள்வான். நேரம் ஒன்பது தாண்டியிருந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் தூங்குவாக?" என்று கேட்டாள் பாண்டிச்செல்வி.

"ஒம்பது வருசத் தூக்கம். இன்னைக்கி எந்திரிக்க மாட்டாப்ல" என்றார் வெள்ளைக்கண்ணு.

பாண்டிச்செல்வி குனிந்து அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஊரைப் பார்த்தாள். ஊர் தலையை ஆட்டியது. எல்லோரும் ஆட்டினார்கள், இருநூறு ஆடு வைத்திருந்தவர்கூட ஆட்டினார். "மதினி, அவுக தூங்கட்டும். முழுசாத் தூங்கி எந்திரிச்சாத்தான் ஒங்கள ஞாபகம் வரும். கலெக்டரம்மாட்ட நான் சொல்லிக்கிறேன். மேய்க்காலு போனாப் போகுது, கேரளாப் பக்கம் கிடைக்குப் போயிக்கிறலாம்" என்றாள்.

அவர்கள் அத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்ததுதான் பூமயிலை உடைத்தது. ஒருவராவது கையைப் பிசைந்திருந்தால், ஒருவராவது அவளைச் சபித்திருந்தால், அவள் அவனைக் கட்டிக்கொண்டு அங்கேயே கிடந்திருப்பாள். எட்டு மாதமாக அவளுக்காகத் துண்டைத் தூக்கிப் பார்த்தவர் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்கு அந்த மேய்க்காலை விட்டால் போக்கிடம் கிடையாது, கேரளாவுக்கு நடக்கிற காலும் கிடையாது. எல்லோரும் அவள் வாயைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள்.

"கொஞ்சம் எல்லாரும் அங்கிட்டுப் போங்க" என்றாள்.

போனார்கள். அவள் உள்ளங்கையை இறக்கி அவன் கண்ணின்மேல் வைத்தாள். இமை வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளே விழி அசையாமல் இருந்தது. எத்தனை நேரம் வைத்திருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியும், கால் மணி நேரம். பிறகு கையை எடுத்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எந்திரிங்க. நேரமாச்சு, எந்திரிங்க."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். ஏதோ ஒன்று அந்தக் கண்ணுக்குள் வந்துகொண்டிருந்தது, பாதி வழி வந்தது, வராமல் நின்றுபோனது.

"இது எந்த ஊரு?"

"ஆவரந்திடல்."

"கேள்விப்பட்ட பேராவே இல்லையே" என்று சொல்லிவிட்டு அவன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அவள் தன் தூக்குவாளியைக் கொடுத்தாள். அண்ணாந்து குடித்தான், எப்போதும்போலப் பாதி கழுத்தில் வழிந்தது. "தூத்துக்குடி இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"ரெண்டு மணி நேரம்."

"நல்ல தூக்கம்மா" என்றான் அவன், முன்பின் தெரியாத பெண்பிள்ளையிடம் பேசுகிற மரியாதையோடு. "இப்படித் தூங்குனதே இல்ல."

"போற வழியில கண்ணு சொக்குனா ஓரமா நிப்பாட்டித் தூங்குங்க. ஓட்டாதீக" என்றாள் பூமயில்.

சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினான். தெற்கே தகரம் தட்டிக்கொண்டிருந்தவர்கள் ஸ்டியரிங்கில் இருந்தவனை அடையாளம் கண்டுகொண்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஊர்ப்பெண்கள் விளக்குமாற்றோடு வந்து டயர்த் தடங்களைப் பெருக்கினார்கள். அவன் படுத்திருந்த இடத்தையும் லாரிவரை நடந்த கால்தடத்தையும் மட்டும் யாரையும் தொடவிடாமல் பூமயிலே பெருக்கினாள், ஒவ்வொரு தடமாக, அவசரப்படாமல்.

கலெக்டரம்மாவின் கார் சரியாகப் பத்து மணிக்கு வந்தது. அவர் குடையின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாலையில் வண்டிகள் ஓடின, ஒன்றும் இறங்கவில்லை. ஆடுகள் மேய்ந்தன. ஐந்து மணிக்கு அவர் எழுந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வளாகம் பிறகு நாற்பது மைலுக்கு அப்பால் வேறொரு ஊரில் கட்டப்பட்டது, அது வேறு கதை. காருக்குப் போகிற வழியில், ஆட்டை மறித்துக்கொண்டு நின்ற பூமயிலைப் பார்த்து அவர் நின்றார்.

"உண்மையைச் சொல்லும்மா. இங்க யாருமே வந்து நிக்கலையா?"

பூமயில் சாலையைப் பார்த்தாள். தெற்கே அது வளைகிற இடம்வரைக்கும் பார்த்தாள்.

"நின்னா எனக்குத் தெரியாமப் போகுமாம்மா" என்றாள். "நான் ஒம்பது வருசமா இங்கதான இருக்கேன்."